உதயா கட்டும் பின்கதவு

உதயா ஒரு துண்டு சுவரை வைக்கிறாள். கணினித் திரையின் ஓரத்துப் பொத்தான்களை மறைக்கிறாள். ஒரு படம் எடுக்கிறாள். பொத்தான்களை மறுபடி வரவழைத்து அடுத்த துண்டு. மறைப்பு, படம். ஞாயிற்றுக்கிழமைக் காலை டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. வீட்டின் ஒரு பக்கம்கூட இன்னும் எழும்பவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் கை பரபரக்கிறது.

"அவசரப்பட்டா படம் ஆடிப்போயிரும் அண்ணே. பொறகு எல்லாமே பேக்கார், வீண்" என்கிறாள்.

வீடு கட்டி, அதில் பொம்மை மனிதர்களைக் குடிவைத்து, சமைக்கவும் தூங்கவும் சண்டை போடவும் வைக்கிற கணினி விளையாட்டு அது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அதில் நீச்சல்குளம் வைத்த மாளிகை கட்டுகிறார்கள். இவள் கட்டுவது தகரக் கூரை போட்ட தோட்டத்து லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடு. எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் வெறும் தரையிலிருந்து வீடு தானாக எழும்பி நிற்கும். நானூறு படம் எடுத்தால் அரை நிமிஷம். இங்கே அந்தமானில் இன்டர்நெட் இருக்கிற லட்சணத்துக்கு அதை ஏற்ற முடியுமா? பென் டிரைவில் போட்டு, மேன்லேண்டுக்குக் கப்பலேறும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள்.

வயது இருபத்தாறு. ஹேடோ துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்கிற வேலை. எங்களுக்கு அடுத்த வீடு. வீட்டு முகப்பை 'இஸ்தோப்பு' என்பாள், அறையைக் 'காம்பரா' என்பாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிகோபாரின் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம் கூடவே கொண்டுவந்த சொற்கள்.

இதுவரை பதினேழு வீடியோ. பதினேழும் ஒரே வீடு. அப்பா பழனிசாமி, அம்மா இந்திராணி, எட்டு வயதுத் தங்கை சுதா இருந்த கட்சால் வீடு. 2004 டிசம்பரில் உதயா போர்ட் பிளேர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்குப் போகக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். மூவரில் ஒருவர் உடம்பும் கிடைக்கவில்லை. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை, பாவி மகளுக்கு.

கட்டி முடித்த வீட்டில் அவள் யாரையும் குடிவைப்பதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆள விட்டா அதுங்க பசிக்குதுன்னு நம்மளப் பார்த்துக் கையாட்டும். என்னால ஏலாது அண்ணே. பஸ், போதும்."

போன ஞாயிறு சொர்ணம்மா வந்திருந்தாள். கட்சாலில் பக்கத்துக் காம்பரா. அன்று காலை விறகு பொறுக்க மேட்டுக்குப் போனதால் தப்பித்தவள். இப்போது வடக்கே ரங்கத் என்ற ஊரில் மகளோடு இருக்கிறாள், ஆஸ்பத்திரி வேலையாக இங்கே வந்தவள். உதயா பதினேழாவது வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

"அய்யோ, அதே தகரம்! இந்திராணி மொளகா காயப்போட்ட எடம்!" என்று சொர்ணம்மா மூக்கைச் சிந்தினாள். திரையில் வீடு மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. அங்கே மேட்டைப் பார்த்து ஒரு கதவு திறந்திருந்தது.

"இதென்ன புள்ள? நம்ம லயத்துக்கு ஏது பின்கதவு? பின்னாடி முழுச் செவுருல்ல. எல்லாருக்கும் கடலப் பார்த்த ஒரே வாசல்தான."

"மறந்திருப்பாள், மாற்றிவிடலாம், ஒரு கதவுதானே" என்று நான் வேறு குறுக்கே உளறினேன்.

"தெரியும் அக்கா" என்றாள் உதயா. "மொத தடவ கதவு இல்லாமத்தான் கட்டினேன். கட்டி முடிச்சிட்டு, சுதா எந்தப் பக்கமா ஓடுவான்னு பார்த்தேன். வழியே இல்ல அக்கா."

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

உதயா நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பின்சுவரில், இருந்த கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவை வைத்தாள். பொத்தான்களை மறைத்தாள். படம் எடுத்தாள். அதற்குப் பக்கத்தில் மூன்றாவதை வைத்தாள்.