ஜெஸீமா மிதித்த பெடல்

பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால், சரிவில் இருந்த சிறிய வீடொன்றில் ஜெஸீமா துணி தைத்துக்கொண்டிருந்தாள். தைத்ததில் ஏதாவது பிசகு இருந்தால் மற்றவர் கண்ணில் படுவதற்கு முன் அவளே பிரித்துவிடுவாள். முழுச் சட்டையையும் பிரிக்க வேண்டியிருந்தாலும் அலுத்துக்கொள்ள மாட்டாள். அவளிடம் அவசரமாகத் துணி கொடுப்பவர்களுக்கு அதனால் எரிச்சல்தான். ஆனாலும் அடுத்த துணியையும் அவளிடமே கொண்டுவருவார்கள்.

அவள் கணவன் ஜாபிர் வாடகைக் கார் ஓட்டினான். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டில், சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடமிருந்து புதுமாதிரிக் கார் ஒன்றை வாங்கினான். மற்றக் கார்களில் பிரேக்கைக் கம்பிகள் இழுக்கும். இதில் எல்லாம் எண்ணெய். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்ற இரும்பு உருளைக்குள் இருக்கும் எண்ணெய், குழாய்கள் வழியே ஓடி சக்கரச் சில்லு நான்கையும் ஒரே நேரத்தில் பிடித்துவிடும். ஜாபிர் அந்தக் காரைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தான்.

ஒரு நாள் நமுனுகுலயில் ஆளை இறக்கிவிட்டு வெறுங்காரோடு வந்துகொண்டிருந்தபோது, ஒரு வளைவில் பெடல் அப்படியே தரைக்குப் போய்விட்டது. ஜாபிர் கைப்பிரேக்கை இழுத்து, காரை மலைப்பக்கத்து மண்திட்டில் உரசி நிறுத்தினான். சில்லுக்கு மேலிருந்த மட்காட் தகடு நசுங்கியது. அவன் பிழைத்தான். காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தான்.

குழாய் மூட்டு ஒன்று தளர்ந்து எண்ணெய் ஒழுகியிருந்தது. அதை முறுக்கினான். துரை விட்டுப்போன தகரத்திலிருந்து எண்ணெய் ஊற்றினான். ஆனால் எண்ணெய் போன வழியில் காற்று புகுந்திருந்தது. காற்று இருக்கும்வரை பெடல் பஞ்சை மிதிப்பதுபோல் அமுங்கும். பக்கத்துக் கடைக்காரர் ஷுக்ரி காருக்குள் உட்கார்ந்து மிதிக்க, ஜாபிர் ஒவ்வொரு சில்லிலும் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டான். ஷுக்ரி நெல் குத்துவதுபோல் மிதித்தார். எண்ணெய் நுரைத்ததுதான் மிச்சம். பகல் சாய்ந்தபோது அவர் கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் புடவைக்கடை ஜெயராசா முதலாளி வந்தார். மறுநாள் பண்டாரவளையில் அவர் மகள் விசாலாட்சிக்குக் கல்யாணம். மணப்பெண் போக இந்தக் காரைத்தான் பேசியிருந்தார்.

"கைப்பிரேக் இருக்குல்ல ஜாபிர் நானா? மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடலாமே" என்றார்.

ஜாபிர் வாக்குக் கொடுத்தவன். தலையைச் சொறிந்தான். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஜெஸீமாவின் குரல் வந்தது.

"மொதலாளி, மகளுட ரவிக்கையில ஒரு கை இறுக்கமாயிருக்குன்னு திருப்பி அனுப்பினீங்க. நான் பிரிச்சுத் தைச்சுத் தந்தேன். ரவிக்கைக்கு அவ்வளவு பார்த்த நீங்க, பிள்ளை போற காருக்கு மட்டும் இப்படியே போகலாம்னு சொல்றீங்களே."

ஜெயராசா குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி சொல்றதும் சரிதான். நாங்க காலை ரயில்ல போயிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசியிருந்த கல்யாண வாடகை போயிற்று. ஜாபிருக்கு முகம் வாடியது. "நாலு சில்லுலயும் காத்து விட்டாச்சு. மிச்சக் காத்து மாஸ்டர் சிலிண்டருக்குள்ளதான் ஈக்கி" என்றான்.

"அப்ப அதைக் கழட்டுங்க."

"கழட்டினா எல்லாத்தையும் திரும்ப மொதல்ல இருந்து செய்யணும்."

"மொதல்ல இருந்து செய்வோம்" என்றாள் ஜெஸீமா.

ஜாபிர் உருளையைக் கழற்றி அடுப்படிப் பலகையில் கட்டினான். அதில் எண்ணெய் நிரப்பி, வெளிவாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியை எண்ணெய்க்குள்ளேயே வளைத்து விட்டான். ஒரு மரக்குச்சியால் உள்தண்டைத் தள்ளினான். குமிழிகள் பொலபொலவென்று வந்தன. பிரேக் எண்ணெயின், விளக்கெண்ணெயும் சாராயமும் கலந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. ஜெஸீமா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மெல்லத் தள்ளுங்க, மெல்ல விடுங்க" என்றாள். ஒரு குமிழியும் வராத பிறகுதான் அவனை எழும்ப விட்டாள்.

உருளை மறுபடி காரில் ஏறியது. இனி பெடலை மிதிக்க ஆள் வேண்டும். ஜெஸீமா வீட்டோரத்துச் சிறு தெருவான ஒழுங்கைப் பக்கம் பாயைக் கட்டி மறைத்துவிட்டு, தானே காரில் ஏறி உட்கார்ந்தாள். தையல் மெஷின் மிதித்த கால். அவசரமே இல்லை. "அமத்து" என்றால் அமத்துவாள். திருகு மூடும்வரை காலை எடுக்க மாட்டாள். தூரத்துச் சில்லில் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தார்கள். சில்லில் மாட்டிக் கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டிருந்த குழாயில் முதலில் நுரை, பிறகு ஓரிரு குமிழி, கடைசியில் தெளிந்த எண்ணெய் மட்டும். நான்காவது சில்லை முடித்தபோது அவள் சொன்னாள்:

"இப்ப கல்லு மாதிரி நிக்குது."

"ஹாலிஎல ரோட்டு இறக்கத்துல ஓட்டிப் பார்த்துட்டு வாறேன்."

"நில்லுங்க. நான் மிதிச்ச பிரேக். நானும் வாறேன்."

வேண்டாம் என்று ஜாபிர் எவ்வளவோ சொன்னான். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பக்கத்தில் ஏறிவிட்டாள். இறக்கத்தின் பாதியில் ஜாபிர் பெடலை மிதித்தான். கார் அடித்து வைத்த ஆணிபோல் நின்றது. ஜெஸீமாவின் நெற்றி முன்கண்ணாடிச் சட்டத்தில் மோதிப் புடைத்தது. வலியில் கண்ணீர் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. ஜாபிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரன் சத்தம் போட்ட பிறகுதான் காரை ஓரம் கட்டினான்.

மணப்பெண் ரயிலிலேயே போய், கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து ஜெயராசா ஆள் அனுப்பினார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்கு அழைத்துவர ஜாபிரின் கார்தான் வேண்டுமாம்.

இது ஊருக்குள் பரவியது. பின்னாளில் எண்ணெய் பிரேக் கார்கள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியபோது, மற்ற ஓட்டுநர்களும் ஜாபிரின் முற்றத்துக்கு வந்தார்கள். பிரேக் வேலை ஜாபிருடையது. சரியா இல்லையா என்று சொல்வது ஜெஸீமா. ஒருமுறை ஸமீம் என்ற ஓட்டுநர் வெலிமடைக்குப் போகிற அவசரத்தில் வந்தான். அவள் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள்.

"இன்னும் காத்து ஈக்கி தம்பி."

"கொஞ்சந்தானே தாத்தா, போயிட்டு வந்து பார்ப்போமே" என்றான். அக்காவை அங்கே முஸ்லிம்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜெஸீமா பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. காரைவிட்டு இறங்கவும் இல்லை.

ஸமீம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனான். மறுநாள் ஜாபிர் தேநீர் குடித்து முடிப்பதற்குள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காற்றை எடுக்க ஸமீமே முற்றத்தில் வந்து நின்றான்.