மார்கழித் திகதி

நீங்கள் என்னைக் கொண்டு பொய் எழுதுவித்தீர்கள். எழுதியவன் நான்தான். அதை மறைக்கவில்லை.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் உங்கள் பெயர்ப்பலகையின் கீழ் கொத்துரொட்டிக் கடை போட்டேன். கடை வாடகை என் பெயரில். பெயரும் சமையல் முறையும் உங்களுடையவை. ஃபிரான்சைஸ் என்பார்கள். இப்படிப் பெயரைக் கொடுப்பவர் கையெழுத்துக்கு இருபது நாள் முன்பே தன் நிறுவனத்தின் உண்மை நிலவரத்தை எழுதித் தரவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். வாசித்து யோசிக்கத்தான் அந்த நாட்கள். நீங்கள் அந்தக் காகிதக் கட்டைத் தந்ததோ கையெழுத்திட்ட அன்று காலையில்.

அன்று தை வெள்ளி. கையெழுத்துக்கு ஐயர் குறித்த நேரம் பதினொரு மணியோடு முடிகிறது.

"கட்டு கிடைச்ச திகதியை முன்னுக்குத் தள்ளிப் போடும் தம்பி. இருபது நாள் பாத்தால் மாசி பிறந்திடும்" என்றீர்கள்.

"நான் இன்னும் வாசிக்கேல்லையே அண்ணை."

"ஏன், சோதினைக்கே படிக்கப் போறீர்?"

உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். என் மனைவி, "நேரம் போகுது, வையுங்கோ கையெழுத்தை" என்றாள். மார்கழியில் ஒரு நல்ல காரியமும் தொடங்காதவன், கட்டைப் பெற்றதாக மார்கழித் திகதி போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து உங்கள் பதிவுத் தபால் வந்தது. உங்கள் கிடங்கில் வாங்காமல் வெளியே ஒபர்வில்லியேயில் கோழி வாங்கினேனாம், ஒப்பந்தம் முடிந்ததாம், ஒரு வருடம் அதே இடத்தில் இதே வியாபாரம் செய்யக்கூடாதாம். கோழி ஏற்றிவரும் உங்கள் வண்டி இரண்டு சனிக்கிழமை வரவில்லை என்பது கடிதத்தில் இல்லை.

அன்றுதான் அந்தக் கட்டைப் பிரித்தேன். நான் சேர்வதற்கு முந்தைய வருடம் உங்களிடமிருந்து விலகிய இரண்டு கடைகள் அதில் குறிக்கப்பட்டிருந்தன: ஒன்று கார்ஜில், ஒன்று பியர்ஃபித்தில். போய்க் கேட்டேன். இருவருக்கும் நடந்தது இதுவே.

வழக்கறிஞர் என் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "பிந்தித் தந்ததை நிரூபித்தால் வாதாட ஒரு வழி உண்டு. ஆனால் இந்தத் திகதி உங்கள் கையெழுத்தில் இருக்கிறதே" என்றார்.

இப்போது தபால்காரரின் மஞ்சள் வண்டியைக் கண்டாலே இன்னொரு பதிவுத் தபாலோ என்று வாசலுக்கு வருகிறேன். கடைக் கதவைத் திறக்குமுன் பூட்டு மாறியிருக்குமோ என்று தொட்டுப் பார்க்கிறேன். கோட் போட்ட ஒருவர் உள்ளே வந்தால், சாப்பிட வந்தவரா, நீதிமன்றத்து ஆளா என்று முதலில் அவர் கையில் காகிதம் இருக்கிறதா பார்க்கிறேன். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

வருகிற ஞாயிறு கடைக்காரர் கூட்டத்தில் புதியவர்களுக்கு உங்கள் பெயரைக் கொடுப்பது பற்றிப் பேசப்போகிறீர்கள். நானும் வருவேன். ஒலிவாங்கியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்தக் கட்டை என் கையில் தந்தது எந்த நாள்?