நுரை வராத ஞாயிறுகள்

என் அத்தானைப் பற்றி, அதாவது அக்கா வீட்டுக்காரரைப் பற்றி, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் மனுஷன் அதை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். கண்ணாடியைத் துடைக்கச் சொன்னால் சட்டம் கழன்று வரும்வரை துடைப்பார். போதும் என்கிற வார்த்தையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே பிசியோதெரபி நிலையத்தில் வேலை. நான் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறேன். அவர் கீழ்த்தளத்தில் பம்பு அறையில் இருப்பார். அங்கே மார்பளவு ஆழத்தில் ஒரு வெந்நீர்க் குளம் உண்டு. கைகால் விளங்காதவர்கள் அதில் இறங்கிப் பயிற்சி செய்வார்கள். அதற்கு குளோரின் வாங்கிக் கொட்டுவதில்லை. தண்ணீரில் லேசாக உப்பு கரைத்திருக்கும், கண்ணீர் அளவுக்குக் கரிக்கும். அந்தத் தண்ணீர் ஒரு தடித்த குழாய் வழியாகப் போகும்போது, உள்ளே அடுக்கியிருக்கும் தகடுகளில் கரண்ட் பாய்ந்து, உப்பிலிருந்தே குளோரின் உண்டாகும். அந்தக் குழாய்த் துண்டுக்கு செல் என்று பெயர். நிலையத்தில் அத்தானுக்கும் உப்பு என்றுதான் பெயர். ‘உப்பு இருக்காரா?’ என்று டாக்டரம்மாவே கேட்பார்.

அக்கா மாடிப்படியில் விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். தரையில் நிறுத்தினால் கால் இரண்டும் துவண்டு மடங்கிவிடும். ஆனால் அந்தக் குளத்தில் நடந்தாள். மதியம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் இறங்கிக்கொள்ளட்டும் என்று டாக்டரம்மா அனுமதித்திருந்தார். முதல் தடவை கம்பியை விட்டுவிட்டு அவள் தானாக நடந்தபோது நான் படியில் நின்று அழுதேன். ‘என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே, கதவைச் சாத்து, குளுருது’ என்று அதட்டினாள். எனக்கு அந்த அதட்டல்தான் வேண்டியிருந்தது. படுத்த நாளிலிருந்து அவள் யாரையும் அதட்டியதே இல்லை.

டாக்டரம்மா அத்தானிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். தண்ணீரில் நடக்கும்வரைதான் கால்களில் உயிர் இருக்கும், நிறுத்தினால் இருக்கிற தசையும் கரைந்துவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அன்று முதல் அத்தானுக்கு உலகத்தில் அந்த செல்லைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு தகடுகளிலும் படியும். படிந்தால் மெஷின் திணறும். ஒருமுறை அப்படி நின்றுபோய் அக்காவின் குளியல் தவறியது. அதற்குப் பிறகு அத்தான் எந்தப் படிவுக்கும் இடம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை செல்லைக் கழற்றித் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். பம்பு அறையில் ஆசிட் நெடி அடைத்துக்கொள்ளும், வீட்டுக் கொல்லைப்புறம் திறந்தவெளி என்று காரணம் சொல்வார். ஞாயிறு கழுவி, திங்கள் காலையில் மாட்டிவிடுவார்.

சில வாரம் அவர் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, ‘எங்கிட்ட குடுங்க. எனக்காகத்தானே அது ஓடுது’ என்றாள். அவரும் கொடுத்துவிட்டார். பிறகு அது அக்காவின் வேலையாயிற்று. அத்தான் வாளியில் தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டைப் பார்த்துப் பார்த்து ஊற்றுவார். அக்கா நாற்காலியில் கையுறை மாட்டி, முகத்தைத் திருப்பி இருமிக்கொண்டே செல்லை உள்ளே இறக்குவாள். குப்பென்று நுரை பொங்கும். படிவு கரைகிறது என்று அர்த்தம். அடங்கியதும் அலசி, மெல்லிய பிரஷ்ஷால் தகடு தகடாகத் தேய்த்துத் துடைப்பாள். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அவள் கழுவ நாங்கள் விட்டதில்லை. இதை மட்டும் அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

போகப்போக நுரை வருவது நின்றது. ‘பாத்தியாடி, நுரையே வரல. அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்’ என்று என்னிடம் பீற்றிக்கொண்டாள். வாங்கும்போது கறுத்திருந்த தகடுகள் வாரத்துக்கு வாரம் வெளுத்து வெள்ளி மாதிரி மின்னின. வீட்டுப் பாத்திரமெல்லாம் கரிபிடித்துக் கிடக்கிறது, குளத்துப் பாத்திரத்துக்கு மட்டும் இந்த மவுசா என்று நான் கிண்டல் செய்தேன். அத்தான் செல்லை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, அக்காவைப் பார்த்துச் சிரிப்பார். அவர்கள் கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, மெஷின் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உப்பு குறைவு என்று எழுத்து ஓடியது. உப்புதானே என்று அத்தான் மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் கரைத்தார். விளக்கு அணையவில்லை. இன்னும் கொட்டினார். பரிசோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் திரள வேண்டும். நிறமே ஏறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. குளோரின் துளியும் இல்லை. உப்பு மீட்டர் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்து பார்த்தால், உப்பு இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கம். பாதித் தண்ணீரை வெளியேற்றி நல்ல தண்ணீர் விட்டார். வயர்களைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்கும் சுவிட்சை மாற்றினார். தலைகீழாக நின்று பார்த்தார். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்துக்குத் திரும்பினார். செல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆசிட்டைக் கொஞ்சம் தூக்கலாக ஊற்றினார். அக்கா வழக்கத்தைவிட நேரமெடுத்துக் கழுவினாள். மறுநாள் குளத்துத் தண்ணீர் கலங்கத் தொடங்கியது.

டாக்டரம்மா மெஷின் கம்பெனியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் செல்லைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஆசிட்டில் போட்டால் நுரை வருகிறதா என்று கேட்டார். வராது, அவ்வளவு சுத்தம் என்றார் அத்தான்.

‘சார், தகட்டு மேல கறுப்பா ஒரு பூச்சு இருக்கும். குளோரின் உண்டாக்கறதே அதுதான்’ என்றார் மெக்கானிக். ‘படிவு இருந்தா ஆசிட் படிவைத் தின்னும். படிவே இல்லைன்னா பூச்சைத் தின்னும். இதுல பூச்சே இல்ல, அதான் இப்படி மின்னுது. கரண்ட் சரியா ஏறலைன்னா மெஷின் உப்பு பத்தலைன்னுதான் காட்டும். யாரு கழுவினது?’

‘நான்தான்’ என்றார் அத்தான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

புது செல் போட டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. குளத்தில் இறங்குகிற நோயாளிகள் குறைந்துகொண்டே வந்தார்கள், தண்ணீரைச் சூடாக வைத்திருப்பதே பெரும்பாடு. மேலே பலகை போட்டு மூடி, சைக்கிள் மெஷின்களை வைக்கலாம் என்று அவர் முன்பே யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அத்தான் போய்க் கெஞ்சினார். உங்களை வேலையை விட்டு அனுப்பவில்லை, லிஃப்டையும் மோட்டாரையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஆறுதல் சொன்னார். மனுஷன் கேட்டது அதுவா? எங்கள் ஊரில் வேறு எங்கும் இப்படிக் குளம் இல்லை என்பது டாக்டரம்மாவுக்கும் தெரியும். குளத்து வால்வைத் திறந்துவிட்டதும் அத்தான்தான். தண்ணீர் கடைசியாகச் சுழித்து இறங்கும்வரை அங்கேயே நின்றாராம்.

வீட்டில், மெஷின் ரிப்பேரில் இருக்கிறது, பாகம் வரவேண்டும் என்று சொல்லி வைத்தார். அக்கா சரி என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்து, எத்தனை நாளைக்கு இப்படி மூடி மறைப்பீர்கள், குளத்தை மூடிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன்.

‘மூடிட்டாங்கன்னு சொல்லிடலாம்மா’ என்றார். ‘ஏன்னு கேப்பாளே.’

பஸ் வந்தது, இருவரும் ஏறிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு நான் கொல்லைப்புறத்துக்குப் போனபோது எல்லாம் பழையபடி நடந்துகொண்டிருந்தது. வாளி, கையுறை, பிரஷ். அத்தான் அந்தச் செத்த செல்லைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா வாங்கி வாளிக்குள் இறக்கினாள். அவள் மடியில் போர்த்தியிருந்த துணிக்குக் கீழே கால்கள் அதற்குள்ளாகவே இளைத்துத் தெரிந்தன.

அத்தான் துண்டு எடுக்க உள்ளே போனார். அக்கா தலையைத் தூக்காமல் பேசினாள்.

‘இன்னிக்கு நெடியே இல்லடி. வாளியில வெறும் தண்ணிதான் ஊத்தியிருக்கார்.’

நான் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.

‘போன வாரமும் வெறும் தண்ணிதான்’ என்றாள். ‘அவர் பேன்ட் ஓரத்துல குளத்துத் தண்ணி காஞ்சு பூக்கற உப்பும் இப்பல்லாம் இல்ல. குளம் போயிடுச்சுன்னு தெரியும். ஆசிட்டை ஏன் நிறுத்தினார்னுதான் படுத்துக்கிட்டு யோசிச்சேன்.’ கையுறை மாட்டிய தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ‘நான்தானேடி கழுவினேன்.’

இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அத்தான் துண்டோடு வந்துவிட்டார். அக்கா செல்லை அலசி, ஒவ்வொரு தகடாகத் துடைத்து, அவரிடம் நீட்டினாள். அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடினார்.

‘நுரையே வரலைங்க’ என்றாள் அக்கா.

‘அவ்வளவு சுத்தம்’ என்றார் அத்தான்.

செல்லைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, நாளைக்கு மாட்டுவதற்காகக் கதவோரம் வைத்தார்.