நஸ்ரினின் செல்லப் பிகு

கொஞ்சுவதற்கு மட்டும் அரபியில் பத்துப் பதினைந்து சொல் நஸ்ரினுக்குத் தெரியும். கடையநல்லூரில் அரபி படித்தபோது அப்படிப்பட்ட சொல் வந்தால் ஆசிரியை இருமிக்கொண்டே பக்கத்தைத் திருப்பிவிடுவார். இப்போது மாதாப்பூர் அலுவலகத்தில் அதற்குத்தான் சம்பளம். பேசும் செயலி ஒன்றுக்கு அந்தச் சொற்களை அவள் குரலில் பதிய வேண்டும்.

‘குன்ஜ்’ என்றால் கண்ணும் குரலும் சேர்ந்து குழைவது. ‘தலால்’ வேறு. தன்மேல் ஒருவன் உயிரையே வைத்திருக்கிறான் என்று தெரிந்தவள், அந்தத் தைரியத்தில் பண்ணும் பிகு.

பதிவுக்கு முன்னால் வீட்டில் நடித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். “இன்னிக்கு அண்ணன்கிட்ட ட்ரை பண்ணிட்டு வாங்கக்கா” என்றாள் டீம் லீட் சுபாஸ்ரீ. கல்யாணமாகாத பெண், அவளுக்கு என்ன தெரியும்?

வேலைக்காகத்தான் என்று வீடிருக்கும் ஹப்சிகுடா வரும்வரை நஸ்ரின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய். பிகு பண்ணினால் கணவன் கலீல் தன்னைச் சமாதானம் செய்ய வருவானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பன்னிரண்டு வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்வி அது.

மீன் பொரித்து அவனுக்குப் பரிமாறினாள். தன் தட்டைத் தள்ளிவைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு வேணாம். நீங்க ஊட்டிவிட்டாத்தான் சாப்பிடுவேன், மச்சான்.”

கலீல் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு அவள் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

“ஏழு கழுத வயசாச்சு, குமரின்னு நெனப்பு. கண்ணாடியில மூஞ்சியப் பாத்துட்டு வந்து கொஞ்சு.”

முள்ளைக்கூட நிதானமாகத்தான் எடுத்தான், பாவி. அவள் படுக்கையறைக்குப் போய்க் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். கை கழுவும் சத்தம் கேட்டது. அப்புறம் டிவி.

மறுநாள் மைக் முன்னால் நின்று ‘தலால்’ என்று சொன்னாள். சுபாஸ்ரீ ஹெட்போனைக் கழற்றினாள்.

“அக்கா, கெஞ்சுற மாதிரி இருக்கு. அவன் கண்டிப்பா வருவான்கிற திமிரு வேணும். வீட்ல எப்படிப் பண்ணீங்களோ, அப்படியே பண்ணுங்க.”

நஸ்ரின் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை.

“பரவால்லக்கா, இத வேற ஆளுக்குக் குடுத்துடறேன். நீங்க ‘அர்ஜூக்’ சொல்லுங்க.”

கெஞ்சிக் கேட்கிறேன் என்று அதற்கு அர்த்தம். முதல் தடவையிலேயே ஓகே ஆகிவிட்டது. சுபாஸ்ரீ கைதட்டினாள்.