மீன்தொட்டித் தண்ணீரில் அப்பாவின் விரல்கள்

போன மாரிக்காலத்தில், வவுணதீவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. காலை பத்து மணி இருக்கும்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துவிட்டது. பேச்சும் குழறியது. நாள் முழுக்கக் கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருப்பார். அவருக்கு ஒரு பராக்காக இருக்கட்டும் என்றுதான் மீன்தொட்டி வாங்கினேன்.

கடைக்காரர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். கூழாங்கற்களைத் தண்ணீர் தெளியும்வரை கழுவிப் பரப்பினேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, தண்ணீருக்குள்ளேயே வைக்கும் ஃபில்டர் ஒன்றைப் போட்டு, ஒரு கிழமை மீனில்லாமல் ஓடவிட்டேன். பிறகுதான் இரண்டு தங்கமீன்கள் வந்தன. நாலாம் நாள் அப்பா தன் வலது கை விரல்களைத் தண்ணீருக்குள் விட்டார். மீன்கள் வந்து விரல் நுனிகளைக் கவ்விப் பார்த்தன. அப்பா சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். அதிலிருந்து தினமும் அப்படி விரல் விடுவார்.

கொஞ்ச நாளில் வீட்டில், மின்சாரம் எங்காவது கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழத் தொடங்கியது. நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவள். மோட்டார் பூட்டிய மெஷின். ஒரு கல்யாண வீட்டுக்குச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தையல் பாதியில் நிற்கும், எழும்பிப் போய்ச் சுவிட்சை மேலே தள்ளுவேன், திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி விழும். மழை ஈரம்தான் காரணம் என்று நினைத்தேன். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேராக ஒரு வயர் இழுத்துத் தரச் சொன்னேன். அவர் தயங்கினார். ரெண்டு கிழமைக்குத்தானே என்று நான்தான் வற்புறுத்தினேன். பிறகு மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை.

நான் முதலில் சொன்ன அந்த நாள், தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மாற்றும் நாள். வாளி கவிழ்ந்து அறை முழுக்கத் தண்ணீர். வீட்டுக்குள்ளும் நாங்கள் இருவரும் இறப்பர் செருப்போடுதான் நடப்போம். அப்பாவின் செருப்பும் நனைந்துவிட்டது. அதை விறாந்தையில் காயவைக்கக் கொண்டுபோனபோது, மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் எங்கள் மெயின் சுவிட்சுக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இதை ஆரு அக்கா இப்பிடிச் செஞ்ச?" என்றார்.

அடிக்கடி விழுந்ததால் நான்தான் செய்வித்தேன் என்றேன்.

"எப்ப இருந்து விழுந்த? புதுசா என்ன சாமான் வாங்கின நீங்க?"

மீன்தொட்டி என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. "தண்ணிக்குள்ள ஆராவது கை வெக்கிறதா?" என்று கேட்டார்.

யன்னலூடாக உள்ளே பார்த்தேன். அப்பா கதிரையை விட்டு எழும்பியிருந்தார். இடது கையில் ஊன்றுதடி. ஈர நிலத்தில் வெறுங்காலோடு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தளர்ந்த வலது கை தொட்டியின் விளிம்புக்கு மேல் மெதுவாக உயர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, வேணாம், கை வெக்காதீங்க" என்று கத்தினேன். அவர் ஏனென்று விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே விரல்களைத் தண்ணீருக்குள் விட்டார்.

பக்கத்தில் டக் என்று ஒரு சத்தம். மீட்டர் பார்க்க வந்தவர் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்திருந்தார். உள்ளே ஃபில்டரின் இரைச்சல் நின்றது. மின்விசிறி தள்ளாடிச் சுற்றி ஓய்ந்தது. முதலில் விழுந்தது சுவிட்சா, முதலில் நனைந்தது விரலா, எனக்கு இன்னும் தெரியாது.

"என்ன... புள்ள?" என்றார் அப்பா. மீன்கள் அவர் விரல்களைச் சுற்றி வந்தன.

ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக் கதிரையில் இருத்தினேன்.

அந்த மனிதர் உள்ளே வந்து ஃபில்டரின் பிளக்கைக் கழற்றினார். வயரைத் தூக்கிக் காட்டினார். தொட்டியின் கண்ணாடி மூடி அழுத்தி அழுத்தி, ஓரிடத்தில் உறை வெடித்துச் செம்புக்கம்பி தெரிந்தது. அதன் வழியாகத்தான் தண்ணீருக்குள் மின்சாரம் கசிந்திருக்கிறது. இத்தனை நாளும் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன்.

"மீன் தண்ணிக்குள்ளேயே நிக்கிது அக்கா. நாமதான் நிலத்தில நிக்கிறம். கரண்ட் நம்மட உடம்பாலதான் நிலத்துக்குப் போகும். இவ்வளவு நாளும் ரெண்டு பேரையும் செருப்புத்தான் காப்பாத்திரிக்கி."

இது தன் வேலை இல்லை என்று சொல்லி, தனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் வந்து சேரும்வரை, மற்ற வீடுகள் காத்திருக்க, எங்கள் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். தேத்தண்ணி கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு மழைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேர் வயர் இழுத்ததையும் அதை மறைத்ததையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவரோ ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, "சொல்லியிருந்தா... நான் கைய... வெச்சிருக்க மாட்டனே" என்றார்.

வயரில் இருந்த பிழையை எலக்ட்ரீசியன் அரைமணி நேரத்தில் திருத்திவிட்டார். அப்பாவின் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்றை, நோயாளிதானே என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நானே தீர்மானித்தேனே, அது மட்டும் இன்றைக்கும் என் நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.