பவுடர் பூசிய இன்ஜின்

அப்பா, லேத் பட்டறை ரஹீம் மாமா, ரேஸ் கார் வைத்திருந்த பல்லடத்து அண்ணன், அப்புறம் ஏழு வயதில் நான்: அன்று ஷெட்டில் நாலு பேர். இன்று மகளுக்குப் பவுடர் பூசும்போது, காந்திபுரத்தில் அப்பா வைத்திருந்த கார் ரிப்பேர் ஷெட் ஞாபகம் வந்தது. அங்கே இப்போது லாட்ஜ்.

அண்ணனின் பழைய ரேஸ் காரின் அடியில் ஆயில் சொட்டியது. மறுநாள் ரேஸ். "அடியில ஆயில் சீல் போயிருச்சுங்க, இன்ஜினை இறக்கோணும்" என்றார் மாமா. இறக்கினால் ரேஸுக்குப் போக முடியாது. அப்பா மண்ணெண்ணெயால் இன்ஜினைக் கழுவி, துடைத்து, காய்ந்ததும் அம்மாவின் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து மேலும் கீழும் வெள்ளையாகத் தூவினார்.

"ஏனுங்க, வண்டிக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றார் அண்ணன்.

"சிரிக்காதீங்க. எங்க வேர்க்குதுன்னு இப்பத் தெரியும் பாருங்க" என்றார் அப்பா.

ஸ்டார்ட் செய்ததும் தகரக் கூரை அதிர்ந்தது. சூட்டில் பவுடரும் ஆயிலும் கலந்து மணக்க, வெள்ளை எங்கே கறுக்கும் என்று நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அடிப்பக்கம் கறுக்கவில்லை. மேல்மூடியின் பின் ஓரம் நனைந்து, ஒரு கோடு மெல்லக் கீழே இறங்கியது.

"இறக்க வேண்டாமுங்க" என்று மாமாவே ஸ்பானரை எடுத்தார்.

மேல்மூடியில் லூசாக இருந்த போல்ட் இரண்டு; முடுக்கினால் போதும்.