அம்மா சிரித்த படம்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் வருவாள். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மேஜைமேல், தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து அப்பாவும் நானும் ஒட்டி உட்கார்ந்துகொள்வோம். பளபளக்கிற சமையலறை, புதுச் சுடிதார், அம்மாவின் சிரிப்பு. பார்த்த கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

பார்க்க முடியாதவள் பெரியம்மா ஒருத்திதான். அம்மாவின் அக்கா. பிறவியிலேயே பார்வை கிடையாது; திருவண்ணாமலையில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். எங்களுக்குப் பின்னால் நின்று கேட்பாள். மூன்றாவது வாரம் பேசி முடித்ததும் அப்பாவிடம் சொன்னாள்:

“ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி மூச்ச நிறுத்திட்டுப் பேசறா. பக்கத்துல யாரோ நிக்கறாங்க. வரவச்சிடுங்க தம்பி.”

கண்ணாலேயே பார்க்கிறோம், நன்றாகத்தானே இருக்கிறாள் என்றார் அப்பா.

பெரியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, அம்மாவை அனுப்பிய ஏஜென்டிடம் போனாள். குரல், மூச்சு என்று அவள் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு பாப்பா, நீதான பாக்கற. அம்மா எப்டி இருக்காங்க?”

அப்பாவின் போன் என்னிடம் இருந்தது. போன வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெருமையோடு நீட்டினேன்.

“நல்லா இருக்காங்க. சிரிக்கறாங்க பாருங்க.”

அவரும் சிரித்து எங்களை அனுப்பிவைத்தார். திரும்பும் வழியில் பெரியம்மா ஐஸ்கிரீம் வாங்கித் தரவில்லையே என்று எனக்குக் கோபம்.

அடுத்த மாதம் அம்மாவின் போன் அணைந்துபோனது. அப்பா இடம் இடமாக அலைந்தார். ஏழு மாதம் கழித்து, அங்கிருந்த தமிழர்கள் சிலர் மீட்டு அனுப்ப, அம்மா வந்து சேர்ந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் வந்து முகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள்.

பெரியம்மா மட்டும் அவளை உள்ளே அழைத்துப்போய்க் கட்டிக்கொண்டாள். முதுகில் மெல்ல இறங்கிய கை ஓரிடத்தில் நின்றது. ரவிக்கைக்கு மேலேயே அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். கதவருகே நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெருவுக்கு ஓடிப்போய், எங்கள் அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.